வாறன் என்று சொன்னவள்

பட். படபட. பட்.

தறப்பாள் அடிக்கிறது. நான் விழுந்து கிடக்கிறேன். கன்னம் தரையில். இரண்டு கையும் காதில். வாய் திறந்திருக்கிறது. செல், எறிகணை, விழும்போது வாய் திறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் செவிப்பறை போய்விடும். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. அங்கே செல் குத்தும், அதாவது ஏவும், சத்தத்துக்கும் இங்கே விழும் சத்தத்துக்கும் இடையில் ஒன்பது. ஒன்பது வரை எண்ண முடிந்தால் விழுந்தது வேறு யாருக்கோ.

ஏழு. எட்டு. ஒன்பது.

ஒன்றும் விழவில்லை.

மெழுகு மணக்கிறது. தரை மெழுகு. நேற்று நானே பூசியது. செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடம். ஜெர்மனி. ஹெஸ்ஸன் மாநிலத்தின் வடக்கே, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் அருங்காட்சியகம். நான் இங்கே பராமரிப்பாளன். திறப்புகள், எல்லாக் கதவுகளின் சாவிகளும், என்னிடம். கூரை திருத்துகிறார்கள். ஓடுகளைக் கழற்றிவிட்டு நீலத் தறப்பாள் கட்டியிருக்கிறார்கள். ஒரு கயிறு அவிழ்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

கூரைக்காரர் மேலிருந்து எட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரியோ என்று கேட்கிறார். சரி, ஸ்க்ரூ ஒன்று விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்கிறேன். அவர் இறங்கி வந்து என்னோடு சேர்ந்து தேடுகிறார். நல்ல மனிதர். இல்லாத ஸ்க்ரூவை இரண்டு பேரும் முழங்காலில் நின்று தேடினோம்.

2009, எங்கள் நாட்டுப் போரின் கடைசி மாதங்கள். சித்திரை மாதம். வலைஞர்மடம். திகதி எழுத ஆசை. தெரியாது. எங்களுக்கு அப்போது நாட்கள் இருக்கவில்லை. சத்தங்கள்தான் இருந்தன. வண்டு மாதிரி ஆளில்லா விமானம். அது நின்றால் ஒரு அமைதி. அமைதி முடிந்தால் குத்தும் சத்தம். டும். பிறகு கூவல்.

கடற்கரை மணல். பங்கர், பதுங்குகுழி, வெட்ட இரண்டடி தோண்டினால் தண்ணீர். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லை. சேலைகளைத் தைத்தோம். வதனா தன் கூறைச்சேலையை வெட்டினாள். வதனா என் மனைவி. வயது இருபத்தெட்டு. சிவப்புக் கூறை. தங்கக் கரை. பதினொரு மூட்டை வந்தது. மேலே நீலத் தறப்பாள். உள்ளே நாங்கள் இருவரும், நான்கு வயது ஆரணியும்.

"குத்துறான்! படுங்கோ!"

பக்கத்துப் பங்கர்க்காரர் கத்துவார். நாங்கள் படுப்போம். அவர்தான் எப்போதும் முதலில் கத்துவார். ஒரு காலை அவர் கத்தவில்லை. அப்போதுதான் முள்ளிவாய்க்கால் பக்கம் போகலாம் என்று முடிவெடுத்தோம். அந்தப் பங்கரில் ஐந்து பேர்.

நான் ஆரணியைத் தூக்கினேன். வதனா பையைத் தூக்கினாள். நடந்தோம். சனம். சனம். சனம். சைக்கிள்கள். ஒரு கட்டில். கட்டிலில் ஒருவர். ஆரணியின் செருப்பில் ஒன்று விழுந்தது. குனியவில்லை.

இதில் எத்தியேன் எங்கே வருகிறார்?

எத்தியேன் இங்கேதான் இருக்கிறார். இரண்டாம் அறை. இடதுபக்கச் சுவரில் அவருடைய கதை எழுதிய பலகை. பிரான்ஸ் தேசத்துக் காலுறை நெசவாளர். ஹியூகெனோ, அதாவது பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துக்காரர். 1685இல் அவர்களுடைய சமயத்தை அரசர் தடைசெய்தார். அதற்கு முன்பே வீடுகளுக்குள் சிப்பாய்கள் குடியேற்றப்பட்டார்கள். உன் சோற்றைத் தின்று, உன் கட்டிலில் படுத்து, நீ மதம் மாறும்வரை போகமாட்டார்கள். தப்பி ஓடிப் பிடிபட்ட ஆண்கள் கப்பலில் துடுப்பு வலித்தார்கள். எத்தியேன் பிடிபடவில்லை. மனைவி யூதித். ஒரு மகன். மலைப்பாதையில் வழிகாட்டி சனத்தை இரண்டாகப் பிரித்தான். சிறு பிள்ளையோடு வந்த ஆண்கள் முதலில். மற்றவர்கள் பின்னால். யூதித் பின்னால். பின்னால் வந்த கூட்டம் வரவில்லை.

அவர் மகனோடு இந்த ஊருக்கு வந்தார். பாதி வீடும் ஒரு தறியும் கொடுத்தார்கள். இரண்டு பனிக்காலம் இருந்தார். பிறகு ரொட்டர்டாம். லண்டன். கடல். அமெரிக்கா. ஹட்சன் ஆற்றின் கரையில் காணி. அங்கிருந்து இந்த ஊர்ப் போதகருக்கு வருடம் ஒரு கடிதம். எங்கள் பாஷை பேசும் ஒரு பெண் வந்தாளா. பெயர் யூதித். இடது புருவத்தில் தழும்பு. வந்தால் கப்பல் கூலி நான் தருகிறேன்.

எட்டுக் கடிதங்களில் அப்படிக் கேட்டார். எட்டு வருடம்.

பொறுப்பாளரான பெண்மணி ஃபிராவ் பெர்க் அவற்றை எனக்காக ஜெர்மனில் வாசித்துச் சொன்னார். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று கேட்டேன். இடது புருவத்தில் தழும்பு. அந்த இடத்தில் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். வதனாவுக்கு அடையாளம் வலது கையில். அடுப்புச் சுட்ட வடு. காணாமல் போனவரைத் தேடும் செஞ்சிலுவைப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

அதன்பின் தினமும் காலை அவருடைய கடிதங்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியை முதலில் துடைப்பேன். மனதுக்குள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். அண்ணை, இண்டைக்கும் ஒண்டும் வரேல்ல. எனக்கும் வரேல்ல.

ஒன்பதாவது கடிதத்தில் யூதித் இல்லை. கம்பளி விலை இருந்தது. காணிக்கு வேலி போட்டது இருந்தது. ஒரு தாள் தொலைந்திருக்கும் என்றேன் ஃபிராவ் பெர்க்கிடம். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கையொப்பம் இருக்கிறதே என்றார். இல்லை, ஒரு தாள் தொலைந்துவிட்டது என்றேன். எத்தியேனுக்காக நான் சண்டை பிடித்தேன்.

இந்த வருடம் புதுக் காட்சி. கூரை முடிந்ததும் திறப்புவிழா. எத்தியேனின் பலகைக்குக் கீழே நின்று நான் பேசவேண்டும். நேரில் கண்ட சாட்சி என்று அழைப்பிதழில் அச்சடித்தார்கள். அன்றும் இன்றும். தப்பி வந்தவர்கள். நான் சரி என்றேன். இரண்டு பக்கம் எழுதினேன். வதனா காணாமல் போனாள் என்று எழுதினேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். அழகாக இருந்தது.

அந்தக் கிழமைதான் ஆரணி கொலோனிலிருந்து போன் எடுத்தாள். அவளுக்கு இப்போது இருபத்தொரு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங், தொழில் பழகுகிறாள்.

"அப்பா, படம் அனுப்புறியளோ இல்லையோ?"

"எந்தப் படம்?"

"சும்மா நடிக்காதேங்கோ. அம்மான்ர படம். வாற கிழமைக்குள்ள குடுக்கவேணும். மே நினைவு நாளுக்குப் பெரிசா அடிச்சு வைக்கினம்."

"அங்க செத்த ஆக்களின்ர படம் எல்லோ வைக்கிறவை."

"ஓம்."

"அப்ப?"

மூச்சு விடும் சத்தம் கேட்டது. பின்னால் ட்ராம் மணி.

"அம்மாக்கு இப்ப எத்தினை வயசு? சொல்லுங்கோ பாப்பம்."

என் தலைக்குள் வதனாவுக்கு இருபத்தெட்டு. இன்னும் ஏழு வருடத்தில் ஆரணி அவளைப் பிடித்துவிடுவாள்.

"அப்பா, நீங்கள் மியூசியத்தில வேலை செய்யிறியள் எண்டு நினைச்சன். பாத்தா, நீங்கள்தான் மியூசியம். என்னையும் உள்ள வைச்சுப் பூட்டி, திங்கக்கிழமை லீவு விட்டிருக்கிறியள்."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை வந்து எடுக்கிறன். சரி. ச்சூஸ்."

ச்சூஸ். எங்கள் வீட்டில் ஜெர்மன் விடைபெறல்தான். வாறன் என்ற சொல் எங்கள் வீட்டில் இல்லை. நான்தான் தடை செய்தேன். ஆரணி ஐந்து வயதில் பாலர் பள்ளிக்குப் போகும்போது ஒருநாள் சொன்னாள். அப்பா, வாறன். நான் அவளுடைய வாயைப் பொத்தினேன். பிறகு அவள் சொல்லவேயில்லை.

அந்தச் சொல்லைப் பற்றி எழுதவேண்டும்.

எங்கள் பக்கத்தில் போகிறவர் போறன் என்று சொல்லமாட்டார். அது கூடாது. சந்தைக்குப் போனாலும் வாறன். கொழும்புக்குப் போனாலும் வாறன். வாசல் படலையைச் சாத்திக்கொண்டே சொல்வது. அதற்கு அர்த்தம் போகிறேன் என்பதுதான். அதே சொல் வருகிறேன் என்றும் நிற்கும். யாரும் குழம்புவதில்லை. ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று பார்த்தால் போதும்.

ஜெர்மனிக்கு வந்த வருடம் அகதி விசாரணை. டெர்மின், கொடுத்த நேரம், காலை ஒன்பது மணி. மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழர். பண்பானவர். எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தவர். அதிகாரி கேட்டார். மனைவி கடைசியாக என்ன சொன்னார்?

"நான் வாறன் எண்டு சொன்னவ."

மொழிபெயர்ப்பாளர் பேனாவை நிறுத்தினார்.

"திரும்பி வர்றேன்னு சொன்னாங்களா? இல்ல, கிளம்புறேன்னு சொன்னாங்களா? எங்க ஊர்லயும் ரெண்டுக்கும் அதான் சொல்லுவோம். ஜெர்மன்ல ஒண்ணுதான் எழுத முடியும் சார்."

அதிகாரி காத்திருந்தார். விசைப்பலகையில் விரல். மூன்று நொடி. நான் எண்ணினேன்.

"வாறன் எண்டு" என்றேன். திரும்பவும் அதையே.

அவர் என்னைப் பார்த்தார். இரக்கமாகப் பார்த்தார். பிறகு ஜெர்மனில் சொன்னார். இஹ் கொம்ம. வந்துகொண்டிருக்கிறேன்.

தட்டச்சு சத்தம். மனைவி பின்னால் வருவதாகக் கூறினார். இருப்பிடம் தெரியாது. திருப்பி வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து வதனா வந்துகொண்டிருக்கிறாள்.

அவள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை. அமெரிக்காவிலிருந்து ஒரு முதியவர் வந்தார். எத்தியேனின் வழித்தோன்றல். பெரிய கை. பெரிய சிரிப்பு. வம்ச வரைபடத்தை விரித்தார். மேசை போதவில்லை. நான் இன்னும் மூன்று மேசை கொண்டுவந்து போட்டேன். நீதிபதிகள். வைத்தியர்கள். எத்தியேன் பெயரில் அங்கே ஒரு தெரு இருக்கிறதாம். அவர் கட்டிய கல்வீடு இன்னும் நிற்கிறதாம். வெறுங்கையோடு வந்த மனிதர், பாருங்கள், என்றார். என் தோளில் தட்டினார். உன் பிள்ளைகளும் இப்படி வருவார்கள் என்றார்.

யூதித்? என்று கேட்டேன். வந்தாளா?

அவருக்கு அந்தப் பெயர் உடனே பிடிபட்டது. ஆமாம் ஆமாம், உயிலில் யூதித் இருக்கிறாள் என்றார். பிரதி கொண்டுவந்திருக்கிறேன் என்றார்.

எனக்குள் ஒரு சத்தம். சொல்ல வெட்கம். வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தாள் தொலைந்தது சரிதான், வந்துவிட்டாள், அதனால்தான் கேட்பதை நிறுத்தினார். ஒரு நிமிடம் நான் அந்த மேசைக்கு முன்னால் நின்று உலகத்தை மன்னித்தேன்.

ஃபிராவ் பெர்க் பிரெஞ்சை வாசித்து ஜெர்மனில் சொன்னார். என் மூத்த மகனுக்கு. இரண்டு உழவெருது. ஒரு தறி. ஒரு செப்புக் கிடாரம். யூதித் என அழைக்கப்படும் கறுப்பினப் பெண் ஒருத்தி.

அவர் நிறுத்தினார். கிடாரத்துக்குப் பிறகு அவளா என்று பார்ப்பவர்போல மறுபடி விரலால் தொட்டார். ஆம். கிடாரத்துக்குப் பிறகு.

முதியவரிடம் இன்னொரு தாளும் இருந்தது. அடிமையை வாங்கிய சீட்டு. அதில் பெண்ணுக்குப் பெயர் இல்லை. சுமார் இருபது வயது, பற்கள் நல்லவை. பெயர் பின்னால் வந்திருக்கிறது. வைத்தவர் எத்தியேன். சீட்டின் வருடமும் ஒன்பதாவது கடிதத்தின் வருடமும் ஒன்று.

தாள் எதுவும் தொலையவில்லை.

"அந்தக் காலம் அப்படி" என்றார் முதியவர். சிரிப்பு போய்விட்டது. அவருடைய பெரிய கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் கிடந்தது. அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டேன். எழுதவில்லை என்றார். வேறு யாரும் கேட்டதில்லை என்றார்.

வம்ச வரைபடத்தில் நான்கு மேசை நீளத்துக்குத் தேடினேன். மலையில் நின்றுபோன யூதித் இருந்தாள். பெயருக்கு எதிரே வெறுமை. விலைக்கு வந்தவள் இல்லவே இல்லை.

துப்பாக்கிக்குத் தப்பியவன். ஒருத்திக்காக எட்டு வருடம் அழுதவன். காத்திருப்பு தாங்கமுடியாமல் இன்னொருத்தியை வாங்கி அந்தப் பெயரால் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கும்வரை கூப்பிட்டிருப்பான். தப்பி வந்தவனுக்கு மனம் நல்லதாக இருக்கும் என்று யார் சொன்னது. நான்தான் சொன்னேன். இரண்டு பக்கத்தில், அழகாக.

அன்று பின்னேரம் பெட்டியைத் துடைக்கவில்லை. வெளியே ஆற்றங்கரையில் இருந்தேன். ஆரணியின் தலைமுடி நினைவு வந்தது. வதனாவுடைய முடி. பத்து வயதில் வெட்டக் கேட்டாள். விடவில்லை. பதினைந்தில் கேட்டாள். விடவில்லை. பின்னலைப் பின்னி முதுகில் விட்டு, பின்னாலிருந்து பார்ப்பேன். பதினெட்டு முடிந்த அன்று வெட்டிக்கொண்டு வந்தாள். ஒரு மாதம் நான் பேசவில்லை.

நான் யாரையும் வாங்கவில்லை. ஆனாலும்.

சனிக்கிழமை. பதினொரு மணி ரயில். ஆரணி வந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். நீலம் அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் தேநீர் போட்டேன்.

"என்ன அப்பா இது? சீனி போட்டனீங்களோ உப்புப் போட்டனீங்களோ?"

உப்புத்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியமுன்னம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன்.

"அம்மா தானாப் போகேல்ல."

"என்ன?"

"தறப்பாள் எடுக்க அவ தானாத் திரும்பிப் போனவ எண்டு சொல்லியிருக்கிறன். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான். இல்லை. நான்தான் அனுப்பினனான்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன். கொஞ்சத் தூரம் நடந்திருந்தோம். வெயில். முன்னால் மொட்டை மணல். நிழல் இல்லை. நான் பையைப் பார்த்தேன். தறப்பாள் இல்லை. தறப்பாள் இல்லாமல் போனால் பிள்ளைக்கு வெயிலும் மழையும். நான் ஏசினேன். பசி. நித்திரை இல்லை. இதெல்லாம் காரணமல்ல, ஏசினேன். அவள் பையை மணலில் வைத்தாள். திரும்பினாள். பங்கர் இருந்த பக்கம். ஒரு வசனம் சொன்னாள். முதுகுதான் தெரிந்தது.

நான் நடந்தேன். நாற்பது அடி. டும்.

"குத்துறான்! படுங்கோ!" யாரோ கத்தினார்கள். பெண் குரல்.

ஆரணியின் மேல் விழுந்தேன். எண்ணினேன். ஒன்று. இரண்டு. ஒன்பது வரை எண்ண முடிந்தது. பின்னால் விழுந்தது. பங்கர் இருந்த பக்கம். வேறு யாருக்கோ.

எழுந்து பார்த்தேன். புகை. சிவப்பாக ஏதோ பறந்தது. கூறைச்சேலைத் துண்டாக இருக்கலாம். மூட்டை கிழிந்திருக்கலாம். சனம் முன்னால் தள்ளியது. நான் திரும்பிப் போகவில்லை. பிள்ளை கையில் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். ஒரு பனங்குற்றிக்குப் பக்கத்தில் பிள்ளையை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

ஆரணி கோப்பையை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். அது நின்றது. ஒரு அமைதி.

"பதினாறு வருசமா என்னை அந்தச் சொல்லைச் சொல்லவிடேல்ல."

"ஓம்."

"அம்மாவில இருக்கிற அன்பில எண்டு நினைச்சன்."

நான் உப்புப் போத்தலை மூடினேன்.

"பயத்திலயோ?"

"ஓம்."

"எனக்கு அம்மான்ர குரல் ஞாபகம் இல்லை அப்பா. அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தா, அதாவது இருந்திருக்கும்."

படத்தை எடுத்துக் கொடுத்தேன். அடையாள அட்டை அளவு. மூலையில் ஊசி அடித்த இரண்டு துரு ஓட்டை. அவள் அதைக் கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றினாள். ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டேன். கதவு திறந்திருந்தது. வாயைத் திறந்தாள். மூடினாள். ச்சூஸும் சொல்லவில்லை. நான் எந்த மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் கொடுக்க இருந்திருக்காது.

திறப்புவிழாவில் நான் பேசப்போவதில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஃபிராவ் பெர்க்கிடம் ஒன்று கேட்டேன். உயிலின் அந்த வரியைப் பலகையில் போடச் சொன்னேன். பார்ப்போம் என்றார். போடாவிட்டால் நான் எழுதி ஒட்டுவேன். திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.

இனிக் கணக்கு.

பக்கத்துப் பங்கரில் ஐந்து பேர். கத்திச் சொல்லுபவரும் அதில் ஒருவர், பெயர் நான் கேட்டு வைக்கவில்லை. கட்டிலில் கொண்டுபோகப்பட்டவர் என்ன ஆனார் என்று தெரியாது, எண்ணிக்கையில் சேர்க்காமலும் விடமுடியாது. என் இடது காதின் கேட்கும் சக்தியில் பாதி. ஒரு சின்னச் செருப்பு. சிவப்புக் கூறை, பதினொரு மூட்டை. நீலத் தறப்பாள் ஒன்று, ஒரு மூலை கிழிந்தது, அதற்காக ஒரு ஆளை அனுப்பலாம் என்று நினைக்க வைத்தது. மலையில் நின்ற யூதித். ஹட்சன் கரையில் ஒருத்தியின் சொந்தப் பெயர், அதை அவளுடைய தாய் வைத்திருப்பாள். ஒரு மகளின் வாயிலிருந்து ஒரு சொல், பதினாறு வருடம். எத்தியேன் அண்ணை.

வதனா. வயது இருபத்தெட்டு. வலது கையில் அடுப்புச் சுட்ட வடு. வலைஞர்மடம், சித்திரை மாதம், திகதி தெரியாது. இறந்துவிட்டாள். இதை முதல்முறையாக எழுதுகிறேன்.

நான் ஏசியது: "தறப்பாள் எங்க? உனக்கு ஒண்டையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது."

அவள் பங்கர் பக்கம் திரும்பி நின்றாள்.

"நீங்கள் பிள்ளையோட நடவுங்கோ. நான் வாறன்."